காலி மண்டபத்தின் வேகம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. மேரு ரோட்டில் கீழே டயர் கடை, மேலே கல்யாண மண்டபம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் ஏர்கான் போடவில்லை. நாற்காலிகள் சுவரோரமாக அடுக்கிக் கிடந்தன. மணவறை வரப்போகிற மேடைக்கு நேர் எதிரே, கேமராவை நிறுத்தப்போகிற இடத்தில், முகுந்தன் கைப்பேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் ஒரு வட்டம், அதில் ஒரு முள். முள் ஒரு தடவை தடுமாறிவிட்டு விறுவிறுவென்று ஏறியது. மண்டபத்து வைஃபையில் டவுன்லோட் முன்னூறுக்கு மேல். அவனுக்கு வேண்டிய அப்லோட் தொண்ணூற்றைத் தாண்டியது. ஒரு கல்யாணத்தை நேரலையில் காட்ட அதில் பத்தில் ஒரு பங்கு போதும். காலையில் தின்ற ஒரு ரொட்டி சானாயைத் தவிர அவன் வயிற்றுக்குள் அன்று எதுவும் போகவில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் அவனுக்கு வந்தது சந்தோஷம்கூட இல்லை. அப்பாடா, வீட்டுக்குப் போகலாம் என்றுதான் தோன்றியது.

பக்கத்தில் நின்ற அய்யாவு அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பண்டமாரான் ஊர்க்காரர், துறைமுகத்தில் முப்பது வருஷம் கொண்டெய்னர் லோரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் மகள் ஷாமினிக்குத்தான் கல்யாணம். பத்திரிகை அடித்து, ஊரையெல்லாம் அழைத்து முடித்த பிறகு, அவர் மனைவி இராஜம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். சக்கர நாற்காலியில் வைத்துக்கூட அழைத்துப்போக முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசியபோது, குறித்த முகூர்த்தத்தில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் இராஜம்மாவேதான். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும் தம்பி," என்றார் அய்யாவு. "தாலி ஏறுற நேரம் மட்டும் அவளுக்குத் தெரியணும். இந்த லைன் தாங்குமா?"

முகுந்தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். "தொண்ணூறுக்கு மேல காட்டுது அண்ணே. நல்ல ஸ்பீட் லா."

அய்யாவு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் கைப்பேசியால் அந்தத் திரையைப் படம் பிடித்தார். அவர் படி இறங்குவதற்குள் அது குடும்ப வாட்சப் குழுவுக்குப் போய், ஆஸ்பத்திரிக்கும் போய், இராஜம்மாவிடமிருந்து கும்பிடும் கை ஒன்று பதிலாகவும் வந்துவிட்டது.

அந்த எண் பொய் சொல்லவில்லை. வம்பே அங்கேதான். அந்த நிமிஷத்தில், அந்த மண்டபத்தில், முகுந்தனின் கைப்பேசி கோலாலம்பூரில் எங்கேயோ பக்கத்தில் இருக்கிற ஒரு கணினியோடு சில வினாடிகள் பேசிப் பார்த்தது. பாதையில் வேறு யாரும் குறுக்கே வரவில்லை. அதனால் அவ்வளவு வேகம். ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி வார்டில் இராஜம்மாவின் கைப்பேசிக்கு எவ்வளவு சிக்னல் என்று அதற்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பேர் ஐந்நூறு கைப்பேசியோடு வந்து உட்காரப்போகிறார்கள் என்றும் தெரியாது. இதெல்லாம் முகுந்தனுக்குத் தெரியும். கோவிட் காலத்தில் புகைப்படத் தொழில் படுத்துவிட்டதால் நேரலைக்குத் தாவியவன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் காட்டியாகிவிட்டது. மேல்மாடி அலுவலகத்தில் இருக்கிற மோடத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்து நேராகக் கேமராவுக்குக் கொடுப்பதுதான் அவன் வழக்கம். கம்பி வீட்டு ஸ்டோரில் கிடந்தது. அலுவலகச் சாவி முதலாளியிடம் இருக்கிறது, சனிக்கிழமை வந்தால் திறந்துவிடச் சொல்கிறேன் என்று மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார். சனிக்கிழமை அவனுக்கு சுபாங் ஜெயாவில் பகலில் ஒரு நிச்சயதார்த்தம், சாயங்காலம் ஒரு பிறந்தநாள். தொண்ணூறு காட்டுகிறபோது எதற்கு இந்த அலைச்சல் என்று மனசு சொன்னது. களைத்துப்போன மனசுக்குச் சாக்கு கிடைத்தால் விடுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது மேசைக்கு மேசை ஓர் அட்டை நின்றுகொண்டிருந்தது. 'இலவச வைஃபை, இங்கே ஸ்கேன் செய்யவும்.' மண்டபத்துக்காரர்களின் உபசாரம். ஐந்நூறு பேரும் இதே லைனில் ஏறிவிடுவார்களே என்று நினைத்தான் முகுந்தன். ஆனாலும் அப்போது கூட்டம் சேரவில்லை. மறுபடி சோதித்தான், எண்பதுக்குக் குறையவில்லை. நேரலையைத் தொடங்கினான். அய்யாவு ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்து, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். மணவறை தெரிகிறது, வாழைமரம் தெரிகிறது, நீங்கள் வேட்டியை ஏற்றிக் கட்டியிருப்பதுகூடத் தெரிகிறது, இறக்கிவிடுங்கள் என்று இராஜம்மா சொன்னாராம். அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் மனிதர். அவர் முகத்தைப் பார்க்க முகுந்தனுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை பிரவினின் ஆட்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியதும் மண்டபம் திமிலோகப்பட்டது. உட்கார்ந்தவர்கள் முதலில் செய்த காரியம் அட்டையை ஸ்கேன் செய்ததுதான். குழந்தைகள் யூடியூப் பார்த்தார்கள். பெண்கள் சேலையோடு எடுத்த படங்களை ஏற்றினார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு நேரலையை அவரவர் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முகுந்தனின் மடிக்கணினியில் நேரலை போவதைக் காட்டும் பச்சைக் கோடு மஞ்சளானது. படத்தின் தரத்தைக் குறைத்தான். கொஞ்சம் மூச்சுவிட்டது; மறுபடி மஞ்சள், பிறகு சிவப்பு. அவசரத்துக்கு வைத்திருந்த சிம் கார்டுக்கு மாற்றினான். அது இன்னும் மோசம். மண்டபத்தில் வைஃபை கிடைக்காத அத்தனை பேரும் அதே கைப்பேசிக் கோபுரத்தைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அய்யாவு கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இராஜம்மாவின் குரல் அதிலிருந்து, "ஏங்க, ஐயர் கையத் தூக்குனபடியே நிக்கிறாரு," என்றது.

அய்யாவுக்குப் பின்னாலேயே அவருடைய அக்காள் மகன் சுகுமாறன் வந்தான். தன் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துப் பார்த்து, இங்கே முப்பது காட்டுகிறது, உங்கள் மெஷினில்தான் கோளாறு என்றான். அவனைப் பார்த்து இன்னொருவர் சோதித்தார், அவருக்கு இருபது. பக்கத்து மேசையில் எனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று நாலைந்து பேர் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சோதனை இருக்கிற லைனை முழுசாக எடுத்துப் பார்த்துத்தான் எவ்வளவு என்று சொல்லும். ஒவ்வொருவர் முள் ஏறும்போதும் முகுந்தனின் கோடு செத்துச் செத்து விழுந்தது. தயவுசெய்து யாரும் டெஸ்ட் பண்ணாதீர்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினான். தன்னைக் குற்றம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சுகுமாறன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

மேடையில் மாங்கல்யத் தட்டைச் சபையோர் ஆசிக்காகச் சுற்றிக் கொண்டுபோக எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, ஒரே வழிதான் இருக்கு," என்றான் முகுந்தன். "நீங்க மைக்ல சொல்லுங்க. பத்து நிமிஷத்துக்கு எல்லாரும் போன ஆஃப் பண்ணணும். முக்கியமா முன்வரிசை."

அய்யாவு முன்வரிசையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா கைப்பேசியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அதற்குள்ளே இருக்கிற யாருக்கோ மணமகளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க தம்பி," என்றார் அய்யாவு. "நான் பொண்ணப் பெத்தவன். தாலி ஏறுற நேரத்துல அவங்களப் பாத்துப் போன அணைங்கன்னு எப்படிச் சொல்லுவேன்?"

முகுந்தன் நானே சொல்கிறேன் என்று மைக்கைத் தேடிப் போகலாம்தான். படம் பிடிக்க வந்தவன் சொன்னால், பெண்வீட்டார் சொல்லச் சொன்னதாகத்தான் போய் முடியும். அதற்கு மேல் யோசிக்க நேரமும் இல்லை. அய்யாவுவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகும்போது ஒருதரம் திரும்பி முகுந்தனைப் பார்த்தார். எப்படியாவது செய் என்கிற பார்வை. கெட்டிமேளம் வெடித்தது. பிரவின் குனிந்தான், ஷாமினி தலையைத் தாழ்த்தினாள், மஞ்சள் அரிசி மழையாக விழுந்தது. கேமராவின் மெமரி கார்டில் எல்லாம் துல்லியமாகப் பதிந்தது. மடிக்கணினியில் 'மீண்டும் இணைக்கிறது' என்ற வரி மட்டும் வந்து வந்து போனது. ஒரு துளிப் படம்கூட மண்டபத்தை விட்டு வெளியே போகவில்லை. அழவேண்டும்போல இருந்தது அவனுக்கு. இந்த வயதில் கேமராவுக்குப் பின்னால் நின்று அழுதால் பார்க்கச் சகிக்காது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

கூட்டம் பந்திக்குப் போனதும் லைன் சுத்தமாக வந்தது. கோடு பச்சையானது, யாருமில்லாத மணவறையை, ஒரு பெண் பூக்களைக் கூட்டிப் பெருக்குவதை, முகுந்தனின் கேமரா உலகத்துக்கெல்லாம் பளிச்சென்று காட்டியது. அவன் எரிச்சலோடு நேரலையை நிறுத்தினான்.

மத்தியானப் பார்வை நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆசி வாங்கிவிட வேண்டும் என்று ஏற்கனவே பேசியிருந்தார்கள். மணமக்கள் பூ வைத்த காரில் முன்னால் போக, அய்யாவு முகுந்தனின் வேனில் ஏறிக்கொண்டார். ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் கேட்டபோது, முகுந்தன் மறைக்காமல் சொன்னான். காலி மண்டபத்தில் பார்த்த எண் காலி மண்டபத்துக்குத்தான் பொருந்தும் என்றான். கம்பி இழுக்காததையும் சொன்னான்.

அய்யாவு தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "ராத்திரியில போர்ட்ல இருந்து கெளம்புனா ஷா ஆலாம் கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள வந்துரும். அதே ரோடு காலையில நகராது. நான் ஓட்டாத ரோடா."

"ஆமாண்ணே."

"அன்னிக்கே நீங்க இதச் சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்குமே தம்பி."

அதில் கோபம் இருந்திருந்தால் முகுந்தன் சமாளித்திருப்பான். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதி வழியெல்லாம் முகுந்தன் வண்டியை ஓட்டுவதில் மட்டும் கவனமாக இருப்பவன்போல நடித்தான்.

ஒரு கட்டிலுக்கு இரண்டு பேருக்கு மேல் விடமாட்டார்கள். கூறைச்சேலையையும் மாலையையும் பார்த்த தாதி ஒரு கணம் யோசித்துவிட்டு, சத்தம் போடாமல் போய்வாருங்கள் என்று நால்வரையும் விட்டுவிட்டாள். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டிகூட எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். இராஜம்மா தலையை வாரி, தலையணைமேல் நேராகப் படுத்திருந்தார். யாரைக் கொண்டு வைக்கச் சொன்னாரோ, நெற்றியில் குங்குமம் இருந்தது. கைப்பேசி தண்ணீர்ப் போத்தலில் சாய்ந்து நின்றது, திரை அணைந்திருந்தது.

ஷாமினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்டி," என்றார் இராஜம்மா. "நல்லாத் தெரிஞ்சுது. தாலி ஏறுறப்ப நீ அழுதுட்ட."

"ஆமாம்மா," என்று ஷாமினி அழுதபடியே சிரித்தாள்.

இராஜம்மா முகுந்தனைத் தேடிப் பார்த்து, நன்றாக எடுத்தீர்கள் தம்பி, புண்ணியமாகப் போகும் என்றார். அந்த நிமிஷத்தில் இந்த அறைக்கு எதுவும் வரவில்லை என்று முகுந்தனுக்கு நிச்சயமாகத் தெரியும். அய்யாவும் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பதிவு இருக்கிறது, சாயங்காலமே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்ல முகுந்தன் வைத்திருந்த வாக்கியம் இப்போது சொல்லக்கூடாததாகிவிட்டது.

மணமக்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மருமகன் தலையை இடது கையால் தடவிக்கொடுத்தார் இராஜம்மா. வலது கை போர்வைக்கு மேல் மூடியபடி இருந்தது. வலிக்கிறதோ என்று ஷாமினி அந்தக் கையைப் பிடித்தாள். கட்டிலோர மேசையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை காலியாகக் கிடந்தது. சனிக்கிழமை அய்யாவு கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் அரிசி, தாலி ஏறும்போது கட்டிலிலிருந்தே தூவச் சொல்லி. ஷாமினி அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மூடிய கையைப் பார்த்தாள். மாலையை ஒதுக்கிக்கொண்டு, கட்டில் கம்பிக்கு மேல் இன்னும் நன்றாகக் குனிந்து, தலையை அந்தக் கைக்குக் கீழே கொண்டுபோனாள்.

இராஜம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். காலையிலிருந்து பிடித்திருந்த பிடி. அரிசி வியர்வையில் ஊறி உள்ளங்கையோடு அப்பியிருந்தது. உதறினார். இரண்டு மூன்று மணிகள் மட்டும் மகளின் உச்சியில் விழுந்தன. மற்றவை விழவில்லை. மஞ்சளேறிய அந்தக் கையை அவர் மறுபடியும், மறுபடியும் உதறிக்கொண்டிருந்தார்.