புகார் வராத வீடு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கணவரின் உதட்டை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "உட்காருங்கம்மா" என்றார்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. காலையில் மகனையும் இப்படித்தான் உட்காரச் சொன்னாராம். நினைவு தப்பித் தப்பி வரும், மனசு நொந்துகொள்ளாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

"நின்னுக்கிட்டே பேசாதீங்க. முதல்ல உட்காருங்க."

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. பேசுவது எம்.பி.யாகிவிட்ட கணவர் அல்ல. அதற்கும் வெகுகாலம் முன்னால், நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் புகார் வாங்கிக்கொண்டிருந்த குமாஸ்தா.

வருகிறவர்கள் கால் கடுக்க நிற்கிறார்களே, கவுண்டருக்கு முன்னால் ஒரு நாற்காலி போடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்து, நடக்காமல், வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர். அதற்காக அவள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான் பின்னால் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். வேலையை விட்டு வார்டு உறுப்பினர் ஆனார், நகர்மன்றத் தலைவர் ஆனார், கடைசியில் நாடாளுமன்றத்துக்கும் போனார். போயும் என்ன? முதல் பேச்சிலேயே, சபை முழுக்க வரவு செலவுக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர் எழுந்து மார்க்கெட் தெருவில் உடைந்த குழாயைப் பற்றிப் பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவள் வீட்டு அடுக்களைக் குழாய் அப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஊருக்கெல்லாம் காது கொடுத்த மனிதர், வீட்டுப் பேச்சுக்கு மட்டும் 'அப்புறம்' என்ற ஒரே பதிலை வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் வாசலில் யாராவது நிற்பார்கள். அவளுக்கு அவர்மேல் ஆசையும் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டையும் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா. என்ன பிரச்சினை?"

"வீட்டுல குழாய் ஒழுகுது சார்."

"எவ்வளவு நாளா?"

"பல வருஷமா."

எந்த வீடு என்று கேட்டார். தெருவையும் வீட்டையும் சொன்னாள். அவர் நெற்றி சுருங்கியது. தலையணையில் தலையைத் திருப்பி அவளை உற்றுப் பார்த்தார்.

"அந்த வீடா? அந்தம்மாகிட்டேருந்து ஒரு புகாரும் வந்ததில்லையே."

"கேட்டுக் கேட்டு விட்டுட்டாங்க சார்" என்றாள்.

"அப்படி விடக்கூடாதும்மா." சற்று நேரம் மூச்சு வாங்கினார். "இதுக்கு ஆள் அனுப்பினா சரிப்படாது. நாளைக்குக் காலையில நானே வரேன். வீட்டுல இருப்பீங்கள்ல?"

"இருப்பேன்."

நல்லது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வெயில் இறங்கும்போது, அந்தக் கை அவள் மடியில் இருக்கும்போதே, உயிர் பிரிந்தது.

வராந்தாவில் அவருடைய உதவியாளர் இரண்டு செல்போனிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நகராட்சி மண்டபம், அங்கே தலைவர்கள் மரியாதை செலுத்துவார்கள், பிறகு இறுதி ஊர்வலம் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. மகனும் தலையாட்டிவிட்டான். உயிரோடு இருந்தபோது ஊர் எடுத்துக்கொண்டதை இப்போதும் ஊரே எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"முதல்ல வீட்டுக்கு வரணும்" என்றாள்.

மகன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "நம்ம தெருவுல வண்டி நுழையாதும்மா. மண்டபத்துல அப்பா பக்கத்துலயே நீ உட்காந்திருக்கலாம்."

"காலையில வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்காருடா."

"அது நினைவில்லாம சொன்னதும்மா."

"இருக்கட்டும். ஒருத்தர்கிட்ட வரேன்னு சொல்லிட்டு அவர் வராம இருந்ததில்ல."

அவர் கொடுத்த வாக்குகளுக்குப் பின்னால் ஓடியே தலை நரைத்துப்போன உதவியாளர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து, மண்டப நிகழ்ச்சியை மதியத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்.

காலையில் அவள் முன்னதாகவே வீட்டுக்குப் போய், முகம் கழுவி, வாசல் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது. அங்கிருந்து ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் கிடத்தியதும், கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று மகன் எல்லோரையும் கேட்டுக்கொண்டான்.

வேலையை விட்ட அன்று அவர் திருப்பிக் கொண்டுவந்த பழைய நாற்காலி சுவரோரமாகக் கிடந்தது. அதை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். மகன் கீழே தரையில் உட்கார்ந்தான்.

அடுக்களையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. இறுக்கி மூடிவிட்டு வரலாம் என்று மகன் எழுந்தான்.

"இருக்கட்டும்" என்று அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.