ஒரு வாய் நீர்

மேற்கு மலைகளின் தோளில் சாய்ந்த கதிரவன், காட்டின்மீதும், காட்டைவிட்டு இறங்கிவந்த ஆற்றின்மீதும், அவ்வாற்றின் கரையில் நெருங்கிக் கிடந்த நகரத்துக் கூரைகளின்மீதும் ஏற்றத்தாழ்வு பாராமல் தன் பொன்னொளியை வாரி இறைத்துக்கொண்டிருந்த மாலைப்பொழுது அது. நகரின் மேட்டில் நிமிர்ந்து நின்ற பல்கலைக்கழகத்தின் நீண்ட கூடத்தில், வெண்சுவர்களுக்கு நடுவே, புதுவிரிப்பின் மணம் இன்னும் அடங்காத தரையில், அமைதி மன்றத்தார் திரண்டிருந்தனர். அமைதியை நிலைநாட்ட வந்தவர்களுள் இருவர் முன்வரிசை இருக்கைக்காக முறைத்துக்கொண்டதை, கற்றறிந்த அன்பரே, நாம் பெரிதுபடுத்த வேண்டா.

அக்கூடத்தின் ஓரத்தில் நின்றவள், போரையும் அமைதியையும் ஆயும் துறையின் தலைவி. மலைக்குடியில் பிறந்து, நகரில் கற்று, அயலார் எழுதிய நூல்களையே அரியணையில் ஏற்றிவைத்திருந்த அவையினரிடம், தன் குடியினர் பகை தீர்க்கும் முறையும் ஓர் அறிவே என்று அவள் பல்லாண்டு வழக்காடியிருந்தாள். அவர்களோ ஒவ்வொரு முறையும் புன்னகைத்துத் தேநீர் அருந்தினர். இன்றுதான் அம்முறைக்கு இடம் கிடைத்தது. கொடுத்த விலையோ பெரிது. காட்டுவழி எவருக்கு உரியது என்று மலையூரும் ஆற்றங்கரையூரும் மோதிக்கொண்டபோது, ஆற்றங்கரை இளைஞன் ஒருவனின் தடியடியில் மாண்டவன் அவளுடைய அண்ணன் மகன்.

இரண்டு ஊர்களும் தொன்றுதொட்டுப் போற்றிய முறை இது: கொன்றவனின் தந்தை நீர்க்குவளை ஏந்தி, இறந்தவனின் தாய்முன் வந்து அமர்வார். அவள் பருகினால் பகை தீரும். பருகாவிடில், அவர் நீரை மண்ணில் ஊற்றிவிட்டுத் திரும்பி, அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் வருவார். அவர் வந்துகொண்டிருக்கும்வரை எவரும் எவர்மீதும் கையோங்கலாகாது. பருகு என்று அத்தாயிடம் எவரும் சொல்லவும் ஆகாது. இந்தப் பின்பாதியைத்தான் தலைவி தன் ஆய்வுரையில் அடக்கி வாசித்திருந்தாள். எப்போது முடியும் என்று சொல்லாத முறையை எந்த அவை ஏற்கும் என்று அஞ்சி, அதன் உயிரை வெளியே நிறுத்திவிட்டு, உடலுக்கு மட்டும் ஒப்பனை செய்து அவையேற்றியிருந்தாள்.

கொன்றவனின் தந்தையான முதியவர், இறந்தவனின் தாயான தலைவியின் அண்ணிமுன் குவளை ஏந்தி அமர்ந்தார். அண்ணி குவளையைப் பார்த்தாள்; அவரைப் பார்த்தாள்; பின்னர் தன் மடியில் கிடந்த வெறுங்கைகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெறுப்பில்லை. இன்னும் ஆறவில்லை, அவ்வளவே. இருக்கைகள் முனகின. படம் எடுக்க வந்தோர் கால்மாற்றி நின்றனர். மன்றத் தலைவர் தலைவியின் காதருகே குனிந்தார்.

"என்னம்மா இது, இன்னும் எவ்வளவு நேரம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க சொந்தக்காரங்கதானே?"

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க ஐயா. எங்க முறையில..."

"இன்னைக்கு முடியலைன்னா, இந்த முறையெல்லாம் சரிப்பட்டு வராதுன்னு மேல எழுதிடுவாங்க. உங்க துறையையே மூடினாலும் மூடுவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

தன் குடியின் அறிவு இன்று தோற்றால் இனி எந்த அவையிலும் அதற்கு இடமிராது என்னும் அச்சம் அவளைப் பிடித்துத் தள்ளியது. அந்த அறிவைக் காப்பாற்ற நினைத்தே அதை மீறினாள். அண்ணியின் அருகே சென்று மண்டியிட்டாள்.

"அண்ணி, ஒரு வாய் குடிங்க அண்ணி."

"நீயா கேக்கிற?" அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். "உன் தோள்ல தூங்கி வளர்ந்த பிள்ளை அவன்."

"எனக்காக, அண்ணி."

"சரி, உனக்காகக் குடிக்கிறேன்."

குடித்தாள். கூடம் கைதட்டலால் அதிர்ந்தது. முன்வரிசைக்காரர் இருவரும்கூடத் தழுவிக்கொண்டனர். முதியவர் மட்டும் எழவில்லை. வெறுங்குவளையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலைவியைப் பார்த்து அவர் அழுதார்.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? இந்த மழைக்கு இல்லைன்னா அடுத்த மழைக்கு வந்திருப்பேன். சாகிற வரைக்கும் வந்திருப்பேன். என்னைக்காவது அவங்களா மனசு இறங்கி வாங்கியிருப்பாங்க. இனி எதைச் சொல்லிக்கிட்டு அவங்க வாசல்ல போய் நிப்பேன்?"

பகை தீர்ந்ததென்று ஊரெங்கும் பேச்சாயிற்று. தலைவியின் துறை நிலைத்தது. அவள் வகுத்துரைத்த முறையைக் கடல்கடந்த அவைகளும் கற்கலாயின. புகழ் வந்த வழியெல்லாம் தூக்கம் போயிற்று.

மழைக்காலம் தொடங்கியதும் அவள் மலையேறிச் சென்றாள். அண்ணி வாயிற்படியில் அமர்ந்து, ஈரமண்ணில் காலடி ஒன்றும் பதியாத பாதையை நோக்கியிருந்தாள்.

"உள்ள வாங்க அண்ணி, சாரல் அடிக்குது. யாரைப் பாக்கிறீங்க?"

"யாரையும் இல்லை." பாதையிலிருந்து கண்ணெடுக்காமல் அண்ணி சொன்னாள்: "இந்த மழைக்கு அந்தப் பெரியவர் கையால வாங்கிக் குடிச்சிருப்பேன்னு தோணுது."

மழை வலுத்தது. பொறுத்தருளக் கனிந்த நெஞ்சொன்று அங்கே காத்திருந்தது. அதை நாடி வருவதற்குத்தான் இனி எவருக்கும் வழியில்லை. தலைவி அண்ணியின் அருகே படியில் அமர்ந்தாள். அமைதியைப் பற்றி அவள் கற்றது அனைத்தும், அந்த ஒரு பாதையை மீட்டுத் தர உதவவில்லை.