புது மணிக்கு ஏழு

இறாலின் தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, வாலோரம் அழுத்தினால் சதை நழுவி வரும். விரல்கணு அளவுகூட இருக்காது. வடகடலில் பிடித்த இறால், உரிபடுவதற்கென்றே லாரியேறி இந்த லராஷ் ஊருக்கு வருகிறது. உரித்ததும் வந்த வழியே திரும்பிவிடும். ஷாமா ஒன்பது வருடமாக அந்தக் கூடத்தில் நின்றபடி உரிக்கிறாள். இன்று அவள் கண் கையில் இல்லை, சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஆறாக இன்னும் பத்து நிமிடம்.

அவளுடைய ஐஸ் தொட்டியின் மூலையில், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ஊசி புதைந்திருந்தது. கருமுட்டை வளர இரண்டு வாரம் தினம் ஊசி போட்டாயிற்று. இது பழுக்க வைக்கிற கடைசி ஊசி.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போடணும்" என்று ரபாத் நகரத்து டாக்டரம்மா சொல்லியிருந்தாள். "முப்பத்தாறு மணி நேரம் கழிச்சு, செவ்வாக்கிழமை காலையில ஏழு மணிக்கு எடுப்போம். முந்திப் போட்டா நாங்க எடுக்கறதுக்குள்ள உதிர்ந்துரும். பிந்திப் போட்டா பழுத்திருக்காது."

போன முறை வைத்த கரு எதுவும் தங்கவில்லை. ஷாமாவுக்கு முப்பத்தொன்பது. இன்னொரு முறை என்ற பேச்சை டாக்டரம்மா எடுக்கவேயில்லை.

"இப்படிக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தா முட்டை கூவிடவா போவுது?" என்றாள் பக்கத்தில் நின்ற ரஹீமோ. சர்க்கரை நோய்க்காரி. இருபது வருடமாகத் தன் தொடையில் தானே ஊசி குத்திக்கொள்கிறவள். ஷாமாவுக்கும் அவள்தான் போடுவதாக ஏற்பாடு. "ஏழு அடிக்கட்டும். கக்கூசுக்குப் போற மாதிரி போவோம். ஒரு நொடி வேலை."

கதவைத் தள்ளிக்கொண்டு ஐஸ் வண்டி வந்தது. பின்னால் லயாஷி.

"ஏழு மணி ஐஸ் ஆறுக்கே வருது" என்றாள் ரஹீமோ. "என்ன லயாஷி, பொண்டாட்டி துரத்திட்டாளா?"

"துரத்தினது நெசந்தான் அக்கா. ஆனா ஐஸ் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு. நோன்பு முடிஞ்சிருச்சில்ல, நேத்து ராத்திரி மணிய மாத்தியாச்சு. உங்க மேஸ்திரி மட்டுந்தான் இன்னும் நோன்பு புடிச்சிக்கிட்டிருக்காரு."

ஷாமாவின் கையிலிருந்த இறால் தொட்டியில் விழுந்தது.

நோன்பு மாதத்துக்கு நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவதும், பெருநாள் கழிந்ததும் முன்னால் இழுப்பதும் வருடாவருடம் நடப்பதுதான். ஆனால் கம்பெனி பஸ் பழைய மணிக்கே வந்தது. கூடத்துக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. ஷாமாவின் பட்டன் போன் தானாக மணி மாற்றிக்கொள்ளாது, அதையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொல்லியிருக்கக்கூடிய புருஷன் மத்திப் படகில் கடலுக்குப் போயிருந்தான். ஒரு மாதமாக ஏழு மணிக்கு நோன்பு திறந்த வயிறு, ஏழு என்றால் அந்தி மக்ரிப் பாங்கு என்றே நம்பியிருந்தது.

"இப்ப மணி என்ன அண்ணே? புது மணி."

லயாஷி போனை எடுத்துப் பார்த்தான். "ஏழாக எட்டு நிமிசம் இருக்கு."

வெளியே போக மேசைக்கு ஒரு மரவில்லை. அது இல்லாமல் வரிசையை விட்டு நகரக்கூடாது. வில்லை வேறொருத்தியோடு வெளியே போயிருந்தது. ரஹீமோ கையை எலுமிச்சைத் தண்ணீரில் முக்கித் துடைத்தாள். ஷாமா தொட்டி மூலையிலிருந்த பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க ரெண்டு பேரும்?" கூடத்துக் கோடியிலிருந்து மேஸ்திரி புஸல்ஹாம் கேட்டான்.

"ஐஸ் மூட்டை தூக்கணுமாம். நீங்க வர்றீங்களா மேஸ்திரி?"

அவன் வரவில்லை.

குளிர் அறைக் கதவுக்கு வெளியே லயாஷி முதுகைக் காட்டி நின்றான். "நான் திரும்ப மாட்டேன், எங்க அம்மா மேல ஆணை" என்றவன், பயத்தில் சீட்டியடிக்க ஆரம்பித்தான். பெட்டிகளுக்கு நடுவே ஷாமா சட்டையைத் தூக்கினாள். குளிரில் வயிறு புள்ளி புள்ளியாகச் சிலிர்த்தது.

"மணி?" என்று கேட்டாள் ரஹீமோ.

"இன்னும் ஒரு நிமிசம்" என்று கதவு சொன்னது. சீட்டி நின்றது. "ம், ஏழு."

ரஹீமோ தோலைக் கிள்ளிப் பிடித்தாள். பிஸ்மில்லா சொன்னாள். ஊசி இறங்கியது ஷாமாவுக்குத் தெரியவில்லை, தன் கன்னம் நனைந்ததுதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அவள் தொட்டியில் உரித்த இறால் கூடியிருந்தது. எதிரில் நின்ற நாலு பெண்களும் தலையைத் தூக்காமல் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ரபாத்தில் ஒன்பது முட்டை கிடைத்தது. "நேரம் தவறாமப் போட்டிருக்கீங்க. போட்டது நர்ஸா?" என்றாள் டாக்டரம்மா.

"எங்க அக்கா" என்றாள் ஷாமா.

வெள்ளிக்கிழமை கருவை உள்ளே வைப்பார்கள். அதுவரை படுத்திரு என்றார்கள். பெருநாளுக்கு லீவு போயாயிற்று, செவ்வாய் வரவில்லை, இனி வெள்ளியும் வரமுடியாது. புதனும் வேலைக்கு வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். புதன்கிழமை பாதாம் பலகாரப் பொட்டலத்தோடு வந்து பஸ்ஸிலேயே பங்கு வைத்தாள். லயாஷிக்கு எடுத்து வைத்த பங்கு எல்லாருடையதையும்விடப் பெரிது.

"இவ்வளவும் தின்னா நானும் அக்காகிட்ட ஊசி போட்டுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, ஐஸ் இறக்க வந்த இடத்தில் மொத்தத்தையும் தின்றான். தின்றுவிட்டு, வெறும் ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அவள் மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனான். நாற்பது பேர் பத்து மணி நேரம் நிற்கிற கூடத்தில் உட்கார அது ஒன்றுதான் இருந்தது. பெண்கள் இருபுறமும் நெருங்கி நிற்க, ஷாமா உட்கார்ந்து உரித்தாள்.

மேஸ்திரியின் பூட்ஸ் சத்தம் வரிசைக்குள் திரும்பியது. ரஹீமோ இருமினாள். ஷாமா எழுந்துகொண்டாள், பெட்டி காலடியில் மறைந்தது. பூட்ஸ் தாண்டிப் போகும்வரை இரண்டு கையும் இறாலில் இருக்க, வலிக்கிற அடிவயிறு மேசை விளிம்பில் படாதபடி உள்ளுக்கு இழுத்துப் பிடித்து நின்றாள்.