முப்பத்தேழாம் நம்பர் கால்

ஹீலோவில் என் முகம் ஒருவருக்கும் தெரியாது. என் கால் தெரியும்.

ஹீலோ என்பது பசிபிக் கடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளில் ஒன்றில் இருக்கும் துறைமுக ஊர். அங்கே பலகைமேல் ஏறி அலையில் சவாரி செய்கிறவர்களுக்குச் செருப்பு விற்கும் சின்னக் கம்பெனி ஒன்று, அந்தச் செருப்பை ஆம்பூரில் எங்கள் ஃபேக்டரியில்தான் தைத்து வாங்குகிறது. ஒவ்வொரு மாடலையும் முதலில் ஒரு காலில் போட்டுப் பார்க்க வேண்டும். பெண்கள் மாடலுக்கு அளவு முப்பத்தேழு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தையல் லைனில் இருந்த எல்லாப் பெண்களின் காலையும் அளந்து பார்த்து, அட்டையில் வரைந்ததுபோல் இருக்கிறது என்று என் காலைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் ‘ஃபிட்டிங் கால்’. பூங்குழலி என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். நின்று பார்த்தால் தெரியும். முழங்கால் உயர மேடையில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், அசையாமல் நிற்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பித்தவெடிப்பு வரக் கூடாது. கெங்கையம்மன் திருவிழாவுக்குக்கூடச் செருப்பில்லாமல் போகாதே என்று மேனேஜர் கிருஷ்ணராஜ் சார் சொல்லிவைத்திருந்தார். அம்மனுக்கே என் காலில் பாத்தியதை இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் காலால்தான் வம்பு. என் புருஷன் முனிரத்தினம் நாலு வருஷத்துக்கு முன்னால் ஓசூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். பேர்ணாம்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஊரில், அவன் வீட்டில், நானும் மாமியார் கங்கம்மாளும் மட்டும். காலையில் ஃபேக்டரி பஸ், சாயங்காலம் ஃபேக்டரி பஸ், ராத்திரி அந்தச் சுவர். அந்த வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும், ஃபேக்டரிப் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் வேண்டும். இதுதான் நான் ஆசைப்பட்டது. இரண்டு தடவை மனு கொடுத்தேன். இரண்டு தடவையும் மாமியார் ஃபேக்டரி கேட்டுக்கு வந்து, “புருசன் ஊடு இருக்கறவளுக்கு இன்னாத்துக்கு ஆஸ்டலு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் என் அண்ணன் முத்துக்குமாரோ, “மெட்டி போட்ட பொண்ணு தனியா இருந்தா ஊரு இன்னா பேசும்?” என்றான். ஊர் வேறு வேலையில்லாமல் என் கால் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம்.

அந்த மெட்டியும் சாதாரண மெட்டி இல்லை. கல்யாணமான வருஷம் துணி துவைக்கும்போது ஒன்று நழுவிச் சாக்கடையில் போய்விட்டது. அபசகுனம் என்று மாமியார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புதிதாக வாங்கி, என்னை ஆசாரி கடையில் உட்கார வைத்து, மெட்டியின் திறந்த வாயைப் பற்றவைத்துவிட்டாள். சூடு படாமல் இருக்க விரலைச் சுற்றி ஈரத்துணி. பன்னிரண்டு வருஷமாக அது கழலவில்லை. கழலவும் கழலாது.

மேடையில் நிற்கும் நேரம் போக எனக்கு ஒரே துணை ரோஷினி. வேலூர்ப் பெண். வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதும் மெயில் போடுவதும் அவள் வேலை. அந்தத் தீவுக் கம்பெனி ஒவ்வொரு செருப்புப் பெட்டியிலும் அவர்கள் ஊர்க் கதையைத் துண்டுக் காகிதத்தில் அச்சடித்து வைக்கும். ஒரு மாடலுக்கு ஒரு கதை. நான் நிற்பேன், அளவு பார்த்து மாடல் வெட்டும் சத்தார் பாய் என் காலடியில் குனிந்து வாரை இழுத்துப் பார்ப்பார், ரோஷினி அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

முதல் மாடலின் கதையில், பெரிய படகுகளில் வந்து அந்த வளைந்த கரையில் குடியேறியவர்கள் இருந்தார்கள். மரப்பலகையில் ஏறி அலையோடு வருவது அங்கே ராஜாக்களின் விளையாட்டு.

“ராஜா மட்டுமா?” என்று கேட்டேன்.

“ராணிங்களும்தான்க்கா. சாதாரண பொம்பளைங்களும் ஏறுவாங்களாம்.”

“பொம்பளைங்களா? மாமியாருங்க இன்னா சொன்னாங்களாம்?”

“அது இதுல போடலைக்கா” என்று சிரித்தாள்.

இரண்டாவது மாடலில் வெள்ளைக்காரப் பாதிரிகள் வந்துவிட்டார்கள். உடம்பு தெரிய விளையாடுவது தப்பு, நேரம் வீண் என்றார்கள். பலகை ஏறுவது குறைந்தது. கரும்பு வந்தது, சர்க்கரை ஏற்றக் கப்பல் வந்தது, கரை ஓரமாகவே ரயில் ஓடியது. கூலிக்கு ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆள் வந்தது. அதையெல்லாம் கேட்கும்போது எங்கள் ஊர்க் கதைபோலத்தான் இருந்தது. பிறகு எப்படியோ பலகை திரும்ப வந்துவிட்டது. பெற்றவர்களே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கி விடுகிறார்களாம்.

என்னைப் பிடித்து உலுக்கியது ஐந்தாவது மாடல். 1946-இல் ஒரு காலை. கடல் உள்ளே வாங்கிக்கொண்டது. தரையில் மீன் துள்ளியது. பார்க்கலாம் என்று இறங்கிப் போனவர்கள் திரும்பவில்லை. 1960-இல் மறுபடியும் அலை. இந்தத் தடவை பல மணி நேரம் முன்னாலேயே சைரன் ஊதியும் நிறையப் பேர் வீட்டைவிட்டுப் போகவில்லை. சிலர் வேடிக்கை பார்க்கவே கரைக்கு வந்தார்கள். கடைத்தெருவே போய்விட்டது. அந்த இடத்தில் இன்றைக்குப் புல்வெளிதான் இருக்கிறதாம்.

“சைரன் கேட்டும் ஏன் போகலை?” எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நாங்களும் பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தோம் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

“முன்னாடி நாலு வாட்டி ஊதி ஒண்ணும் வரலையாம்க்கா. இதுவும் அப்டித்தான்னு இருந்துட்டாங்க.”

அன்று சாயங்காலம் ஃபேக்டரி சைரன் ஊதியது. வழக்கம்போல் பஸ்ஸில் ஏறி அந்த வீட்டுக்கே போனேன். என் வீட்டில் நாலு வருஷமாகச் சைரன் ஊதிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு வந்தது புகார். முதலில் அனுப்பிய நானூறு ஜோடியில் பெண்கள் செருப்பு எல்லாம் தப்பு. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வரும் வார் தொளதொளவென்று ஆடுகிறது, ஈரக்காலில் மணலோடு உரசிப் புண்ணாகிறது என்றார்கள். ஆண்கள் செருப்பில் ஒரு குறையும் இல்லை. சத்தார் பாய் அளவுகோலை எடுத்தார், கணினி வரைபடத்தைப் பார்த்தார், வெட்டும் கத்தியை மாற்றினார். ஒன்றும் பிடிபடவில்லை. வீடியோவில் என் காலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். அந்தப் பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். ரோஷினி அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“விரல்ல அது இன்னான்னு கேக்கறாங்க சார்.”

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மெட்டி!

இதற்கு முன்னால் நாங்கள் தைத்ததெல்லாம் விரலை மூடும் ஷூ, அதில் மெட்டி ஒரு பொருட்டே இல்லை. இதில் மெட்டிக்கு இடம் விட்டு வார் ஓட்டையை மூன்று மில்லி தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அதையே எல்லா அளவுக்கும் பெருக்கிவிட்டார்கள். சத்தார் பாய் முப்பது வருஷமாக இந்த ஊர்க் கால்களைப் பார்த்தவர். நகம்போல மெட்டியும் விரலில் முளைத்தது என்று நினைத்திருப்பார். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவரைத் தேற்றினேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. கடல் ராணிகள் அத்தனை பேருக்கும் ஆம்பூரில் கல்யாணம் செய்து வைத்துவிட்டோம்.

சிரிப்பு மேனேஜர் ரூம்வரைதான்.

“கழட்டிடும்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள சரியான சாம்பிள் போவலைன்னா ஆர்டர் வேற ஃபேக்டரிக்குப் போய்டும். நாப்பது பொண்ணுங்க லைன்ல ஒக்காந்திருக்கு” என்றார் கிருஷ்ணராஜ் சார்.

வீட்டில் சொன்னேன். கங்கம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமலே சொன்னாள்: “எம் புள்ள உசுரோட இருக்கான்டி.”

உயிரோடு இருக்கிறான், அதுதான் கேடு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லாக இருந்தால்கூட இருந்த இடத்தில் இருந்திருக்கும்.

இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கழற்றினால் இந்த வீட்டுக் கதவு மூடும். கழற்றாவிட்டால் நாற்பது பெண்கள் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வியாழக்கிழமை மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

“கழட்டறேன் சார். எனக்கு ஹாஸ்டல்ல எடம் வேணும். மொதல்ல எழுதிக் குடுங்க.”

“நம்ப மாட்டியா என்னை?”

“நம்பறேன் சார். எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருஷம் அசையாமல் நின்றதில் அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது.

சத்தார் பாய் வாசலில் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். “பேஜாரான வேலை குடுத்துட்டாங்கம்மா. மன்னிச்சுக்கோ” என்றார். விரலுக்கும் வெள்ளிக்கும் நடுவில் தோல் துண்டைச் செருகி, சின்னக் குறடால் வெட்டினார். டக். இன்னொரு கால். டக். பன்னிரண்டு வருஷம் இரண்டு சத்தத்தில் முடிந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், பசிதான் வந்தது.

புது சாம்பிளைப் போட்டார்கள். கடித்தது. வாரை நகர்த்திப் போட்டார்கள். அப்போதும் கடித்தது. சத்தார் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் காலைத் தரையில் வைக்கச் சொன்னார். மெட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம். அந்த விரல் கட்டைவிரலை விட்டுத் தள்ளியே நின்றது. கையால் பிடித்துச் சேர்த்தேன். விட்டதும் மறுபடி விலகிக்கொண்டது.

“கோணிடுச்சும்மா. இது இனிமே சேராது” என்றார் மெதுவாக.

மத்தியானத்துக்குள் லைனிலிருந்து கல்யாணமாகாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். மாடல் சரியாகப் பொருந்தியது. ஆர்டர் பிழைத்தது. நான் பேக்கிங்குக்குப் போகலாம் என்றார்கள். மெட்டியும் போய், மேடையும் போய், காலுக்கு எந்த உபயோகமும் இல்லாத ஆள் ஆனேன். கையில் விடுதிச் சீட்டு மட்டும் இருந்தது. எழுதி வாங்காமல் இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

கப்பல் ஏறாமல் தங்கிய தப்புச் செருப்புகளை அன்றைக்கே கேட்டருகே கொட்டி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். போட்டுப் பார்த்தவள் எல்லாம், “அடி, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுடி!” என்றாள். இருக்காதா பின்னே? நானும் ஒரு முப்பத்தேழு எடுத்துப் போட்டுக்கொண்டு, என் பழைய செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன். என் காலுக்காகவே செய்த செருப்பு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்கு வந்தது.

கங்கம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றினேன். பார்த்துவிட்டாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தயாராக நின்றேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

“வெட்டிட்டியா?”

“வெட்டிட்டேன் அத்தை. காலையில ஆஸ்டலுக்குப் போறேன்.”

அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துக் காலை நீட்டினாள். மாமனார் செத்து இருபது வருஷம். வெறும் விரல்கள். இரண்டாவது விரல் என்னுடையதைப் போலவே தள்ளி நின்றது.

“இதப் பாரு. இருவது வருசமாச்சி. எனக்கே சேரலை.”

நான் அவள் விரலையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“அவன் வர மாட்டான்டி” என்றாள். “போன ஆடியிலியே தெரியும். அங்க ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துக்குது. போன் பண்ணான்.”

“தெரியுமா? தெரிஞ்சும் நேத்து வரைக்கும் எம் புள்ள உசுரோட இருக்கான்னு… இன்னாத்துக்கு அத்தை என்னை இங்க வெச்சிருந்தீங்க?”

“நீயும் போய்ட்டா நான் யாரோட இருக்கறது?”

மானம் இல்லை, சகுனம் இல்லை, மகன்கூட இல்லை. ஒரு கிழவிக்குப் பேச்சுத் துணை. அதற்காகத்தான் இத்தனை நாள் பூட்டியிருந்தது. அறைந்துவிடலாம்போல் இருந்தது. அவளைப் பார்க்கப் பார்க்க அந்த ஆத்திரம் இறங்கியது. அவளும்தான் சைரன் கேட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தவள். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், அவ்வளவே.

மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு பேரும் அந்தக் கீரையைத்தான் சாப்பிட்டோம்.

விடியற்காலையில் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கங்கம்மாள் எனக்கு முன்பே எழுந்து தெருவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். காலில் என் செருப்பு. இதுவரை அவள் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு அடி வைத்து நின்று குனிந்து பார்த்தாள். இன்னொரு அடி வைத்தாள். வார் அவள் விரல்களுக்கு நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் திருடி அகப்பட்டவள் மாதிரி கழற்றப் போனாள்.

“இருக்கட்டும் அத்தை” என்றேன்.

அவள் சொம்பைப் பிடித்தபடி நின்றாள்.

பஸ் நிற்கும் இடம் அரை மைல். வெறுங்காலோடு இறங்கி நடந்தேன். ஒன்பது வருஷமாக வெறுங்காலைத் தரையில் வைக்கக் கூடாது என்றிருந்தவள் நான். தோல் குழந்தைக்கு இருப்பதுபோல் மெல்லியதாகி இருந்தது. பாதி வழியில் சரளைக்கல் நன்றாகவே குத்தியது. தூரத்தில் ஃபேக்டரியின் முதல் சைரன் ஊதியது. நொண்டிக்கொண்டே நடையை எட்டிப் போட்டேன்.