ஆத்தாவிடம் கேட்ட செமஸ்டர்

எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் மாரியாத்தாவிடம் பூ கேட்பார்கள். தக்காளி நடலாமா, பூ. பழைய மொபெட்டை விற்கலாமா, பூ. மூன்று வருஷத்துக்கு முன்னால் போர் போடுவதற்குக் கேட்டபோது வெள்ளைப் பூ வந்தது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். சரி என்றுதானே வந்தது என்று தொள்ளாயிரம் அடி இறக்கினார்கள். புகைதான் வந்தது. "ஆத்தா சரியாத்தான் சொன்னா, போர் வண்டிக்காரன் எடத்த மாத்திப்புட்டான்" என்று என் அப்பா சென்றாயன் இன்றுவரை சாதிக்கிறார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், "நான் ஒரு செமஸ்டர் லிதுவேனியாவுல படிக்கப் போகட்டுமாப்பா?" என்று கேட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது?

"பூ கேட்டுப் பாத்துடலாம் பாப்பா" என்றார்.

நான் பூவிழி. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். தருமபுரியில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். தினமும் காலையில் பாலக்கோடு வழியாகப் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சாயங்காலம் தொங்கிக்கொண்டு வருகிறேன். எங்கள் காலேஜுக்கும் லிதுவேனியாவில் ஒரு யுனிவர்சிட்டிக்கும் ஒப்பந்தம். வருஷத்துக்கு இரண்டு பேர் அங்கே ஐந்து மாதம் படிக்கலாம். பாடம் முழுக்க இங்கிலீஷில். செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இன்டர்வியூவில் என் நாக்கு மூன்று தடவை குழறியும், எப்படியோ என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பாக்கி இருந்தது ஒரே ஒரு ஒப்புதல் படிவம். அதில் வீட்டிலிருந்து கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் பிரியதர்ஷினி. அவள் இப்போதே குளிர் கோட்டு வாங்கிவிட்டாள் என்று கேள்வி. எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் எனக்குப் பயிற்சி உண்டு. ஆனால் அவர் முடியாது என்று சொல்லவில்லை. சந்தேகம்தான் கேட்டார்.

"அந்த ஊருக்காரங்களுக்கு இங்கிலீஷு தாய்மொழியா?"

"இல்லப்பா. அவங்களுக்குத் தனி பாஷை."

"உனக்கு?"

"எனக்குத் தமிழ்தான்."

"வாத்தியாருக்கும் சொந்த பாஷை இல்ல, உனக்கும் சொந்த பாஷை இல்ல. அப்ப பாடம் யாருக்குத்தான் நடக்குது?"

போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டேன். 

அம்மாவின் தம்பி மாதவராஜ் மாமா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை, தெரிந்த விஷயமும் ரொம்ப இல்லை. எனக்காகப் பேச ஞாயிற்றுக்கிழமை வந்தவர், வந்த வேகத்தில் கெடுத்தார்.

"நல்ல ஊருங்க மாமா. மைனஸ் இருவது டிகிரிதான். என்ன, தயிருதான் ஒறைய மாட்டேங்குதாம்."

"ஆளே ஒறைஞ்சு போயிடும் போலக்குது, தயிரு எதுக்கு மாப்ள?" என்றார் அப்பா.

அம்மா தீர்த்தம்மாள் அப்போது தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு கூடை, நசுங்கியது ஒரு கூடை. தலையைத் தூக்காமலே, "ஏன் பூவு, அவ்வளவு குளிருல துணிய எங்க காயப் போடுவாங்க?" என்று கேட்டாள்.

என் எதிர்காலம் அந்தரத்தில் தொங்குகிறது, இவளுக்குத் துணி காய வேண்டுமாம்! "சும்மா இரும்மா, நீ வேற" என்று ஒரு அதட்டல் போட்டேன். அம்மா அடுத்த தக்காளியை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை பூ கேட்பது என்று முடிவானது. எங்கள் ஊர் வழக்கப்படி, யார் விஷயமோ அவர்கள்தான் பொட்டலம் கட்ட வேண்டும். பூசாரி கை படக்கூடாது. ஒரு வாழைச்சருகில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெளியே பார்த்தால் அடையாளம் தெரியாதபடி வாழைநாரால் கட்டி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போக வேண்டும். பிறகு ஏரிக்கரை மாரியம்மன் கோயிலில் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஏரியில் போட்டுவிடுவார்கள்.

பிரிக்காமல் போட்டுவிடுவார்கள். இதை நான் நன்றாக யோசித்தேன். யோசித்து, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்துவிட்டேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று காலேஜில் சொல்லிக்கொள்வது வழக்கம். நம்பிக்கை இல்லாதவள் எதற்காக வாழைநாரைக் கட்டும்போது "ஆத்தா, மன்னிச்சுக்கோ" என்று மூன்று தடவை சொன்னாள் என்று யாரும் கேட்க வேண்டாம்.

கோயிலில் பூசாரி கருப்பண்ணன் ஏற்கெனவே அவசரத்தில் இருந்தார். "சீக்கிரம் வாங்க, ரேஷன் கடையில மண்ணெண்ண ஊத்தறாங்க. ஆத்தா காரியத்துல மட்டும் அவசரமே கூடாது" என்று ஒரே மூச்சில் சொன்னார். அப்பா தட்டை நீட்டினார். ஆத்தாவை நேராகப் பார்க்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பாவம், எவ்வளவு பக்தி என்று நினைத்தேன். எனக்குக்கூட மனசு உறுத்தியது. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா சேலை முந்தியைக் கெட்டியாகப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

பூசாரி கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்து, நாரை அறுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"ஆத்தா உத்தரவு இல்லீங்க" என்றார் பூசாரி, மண்ணெண்ணெய் கேனைத் தேடிக்கொண்டே.

"அதெப்படி!" என்று கத்திவிட்டேன்.

"எப்படின்னா?" என்றார் மாமா. "ரெண்டுல ஒண்ணு. செவப்பு வந்தா செவப்பு. இதுல என்ன கணக்கு இருக்குது?"

கணக்கு எனக்கல்லவா தெரியும்! திருடன் வீட்டிலேயே திருட்டுப் போனால் அவன் எந்தப் போலீசிடம் போவான்? வாயைத் திறந்தால் நான் மாட்டுவேன், திறக்காவிட்டால் பிரியதர்ஷினி விமானம் ஏறுவாள். கோட்டோடு.

அதற்கு மேல் யோசிக்கவில்லை. தட்டில் இருந்த இரண்டாவது பொட்டலத்தைப் பாய்ந்து எடுத்தேன்.

"ஏ, ஏ! அதப் பிரிக்கக் கூடாது!" பூசாரி கேனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அதற்குள் நார் அறுந்துவிட்டது.

அதிலும் சிவப்பு.

 பூசாரி அதைப் பிடுங்கி, ஒரு கையில் ஒரு சிவப்பு அரளியும் மறு கையில் ஒரு சிவப்பு அரளியுமாக எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பது வருஷமா பூ குடுக்கறேன். இப்பிடி ஒரு அக்கிரமத்தப் பாத்ததில்ல. யாரு வேல இது?"

எனக்கு யார் மேல் சந்தேகம் வந்தது தெரியுமா? நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அம்மா! நீதானே? நான் போறது உனக்குப் புடிக்கல, அதானே? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அம்மா என்னைப் பார்த்தாள். 

"அவள எதுக்குக் கேக்கற?" என்றார் அப்பா. புளியமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாந்தான் மாத்தினேன்."

மாமாவுக்கு வாய் பிளந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகத் தவறினால் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், ஆத்தாவையே ஏமாற்றியிருக்கிறார்!

"ஏம்ப்பா? வேண்டாம்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"உன் மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. சின்ன வயசுல இருந்து வந்ததில்ல. அதான், ஆத்தா வாயால வரட்டும்னு…" அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தருமபுரி பஸ்ஸு அரை மணி நேரம் லேட்டானாலே எனக்குச் சோறு எறங்காது. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுக்குவேன். நீ பாக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடுவேன். அங்க இருந்து நீ லேட்டா வந்தா, நான் எந்த பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கறது?"

 மூன்று வருஷமாக இந்த மனிதர் அங்கே வந்து நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது. அந்த நிமிஷத்தில் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. கூடவே பிரியதர்ஷினியின் கோட்டும் ஞாபகம் வந்தது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

"நானுந்தாம்ப்பா" என்றேன். "ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சிருந்தேன்."

"அடப்பாவிகளா!" என்று பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். "அப்பனும் மவளும் சேந்து ஆத்தாளுக்கே அல்வா குடுத்துட்டீங்களே! இனிமே இந்த விசயத்துல அவ வாயே தொறக்க மாட்டா. ஆளுக்கொரு தேங்கா ஒடைங்க. மீதிய வூட்டுலயே பேசிக்குங்க."

அப்போதுதான் அம்மா முந்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வாடிப்போன இரண்டு வெள்ளை அரளிப் பூ.

"மாட்டுத் தொட்டியில கெடந்துச்சு" என்றாள் அப்பாவிடம். "செவப்ப வச்சீங்க, சரி. எடுத்த பூவ எங்க போடறதுன்னு ஒரு ரோசன வேண்டாம்? அரளிங்க! மாடு தின்னுருந்தா இந்நேரம் சினை மாடு போயிருக்கும். ஆத்தாகூட மன்னிப்பா, நான் மன்னிக்க மாட்டேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ வச்சதும் தெரியும்" என்று என் பக்கம் திரும்பினாள். "செடியில வெள்ளப் பூ ரெண்டு கொறஞ்சுது, செவப்பு கொறையவே இல்ல. கொஞ்ச நேரத்துல செவப்பும் ரெண்டு கொறஞ்சுது. தண்ணி ஊத்தறவளுக்குத் தெரியாதா?"

"எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டீங்க?" அம்மா சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவரு ஆத்தாளக் கேட்டாரு. நீ அவரக் கேட்ட. ஓசூருல இருந்து தம்பியக் கூப்பிட்டுக் கேட்டீங்க. நானும் அதே வூட்டுலதான் இருந்தேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். அதை நூறு தடவையாவது படித்திருப்பேன். இங்கிலீஷில், தடித்த எழுத்தில், 'பெற்றோரில் ஒருவர்' என்றுதான் இருந்தது. அப்பா என்று எங்கேயும் இல்லை. அப்பா என்று படித்தது நான். மகளிர் குழுவுக்கு ஆறு வருஷமாகத் தலைவி, மாதாமாதம் பேங்கில் கையெழுத்துப் போடுகிறவள், என் பக்கத்திலேயே உட்கார்ந்து தக்காளி பொறுக்கியிருக்கிறாள்.

"அம்மா" என்றேன். படிவத்தை அவள் கையில் வைத்தேன். "நான் போகட்டுமாம்மா?"

அம்மா முந்தியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். கேட்க வைத்துவிட்டாள் அல்லவா, கொஞ்ச நேரம் காக்கவும் வைத்தாள்.

"துணி எங்க காயப் போடுவாங்கன்னு நேத்து கேட்டேன்."

நான் அதட்டி வாயடைத்த கேள்வி! எல்லாரும் போவதா வேண்டாமா என்று அடித்துக்கொண்டிருந்தபோது, இவள் ஒருத்திதான் என்னை அங்கே கொண்டுபோய் வைத்து, துணி துவைக்க விட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ரூமுக்குள்ளயே சூடான குழாய் ஓடுமாம்மா. அது மேல போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சிடுமாம்."

"ஈரத் துணியப் போட்டுக்கிட்டுத் திரிய மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்ப சரி. பேனாவக் குடு."

மாமா பாய்ந்து தன் கம்பெனிப் பேனாவை நீட்டினார். எழுதவில்லை. உதறினார், ஊதினார், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா படிவத்தைக் கோயில் படியில் வைத்துக்கொண்டு கையை நீட்டியபடியே இருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

அப்பா சட்டைப் பையைத் தடவினார். தக்காளி மண்டியில் சீட்டு எழுதுகிற பேனா. ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மூடியைக் கழற்றி, அம்மாவின் கையில் கொடுத்தார்.

'செ. தீர்த்தம்மாள்' என்று அம்மா நிதானமாக எழுதினாள். அந்தப் படிவம் முழுக்க இங்கிலீஷ். அந்த ஒரு கையெழுத்து மட்டும் தமிழ்.

பூசாரி தேங்காயை உடைத்துக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமினார்.

"திரும்பி வர்றப்ப எங்க எறங்குவ பாப்பா?"

"பெங்களூரு ஏர்போர்ட்டுலப்பா."

"எத்தன மணின்னு மொதல்லயே சொல்லிடு" என்றார். "வந்து நிக்கறேன்."