இரண்டாம் வரிசைச் சீட்டு

மூன்று நாட்களாக நான் தலைவரின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலக மாநாட்டில் அறிவியல் ஆலோசகருக்குக் கிடைக்கும் காட்சி அவ்வளவுதான். நாட்டின் பெயர்ப்பலகை, மைக், ஓட்டுப் பொத்தான் எல்லாம் முன்வரிசையில், எங்கள் குழுத் தலைவருக்கு. பின்னால் நமக்கு ஒரு நாற்காலியும் ஒரு கட்டுத் துண்டுச் சீட்டும். சொல்ல வேண்டியதை எழுதி முன்னே நீட்ட வேண்டும். பிடித்தால் வாசிப்பார், இல்லையென்றால் தண்ணீர்க் குவளைக்கு அடியில் செருகிவிடுவார். அவராக மைக்கைப் பின்பக்கம் திருப்பினாலொழிய ஆலோசகர் வாய் திறக்கக் கூடாது. எனக்கு இது நான்காவது மாநாடு. ஒரு தடவைகூட மைக் என் பக்கம் திரும்பியதில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கும் பின்னால், சுவரோர நாற்காலியில், என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆறு வருஷம், எங்கள் மீன்வள ஆய்வு மையத்துக்கு வந்து நாலு வருஷம். மீன் வாடையே ஆகாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். நானோ பதினைந்து வருஷமாகத் துறைமுகத்தில், செருப்புக்குள் ஐஸ் தண்ணீர் புக, கொம்புத் திருக்கை மீன்களை இறக்கைக்கு இறக்கை நாடா பிடித்து அளந்து நோட்டில் எழுதியவள். அந்த நோட்டுகளை வாங்கிப் போய் நாலே மாதத்தில், திருக்கைகள் வருஷா வருஷம் சிறுத்து வருவதைக் காட்டி ஒரு வரைபடம் போட்டாள். பத்திரிகையில் வந்தது. டிவியில் வந்தது. "சின்னவ எவ்ளோ அழகா பேசறா பாரேன்" என்று மாமியார் எனக்கே போட்டுக் காட்டினார். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான். அன்று சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. வேண்டுமென்று போடவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, பழைய நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஓரத்துல பென்சில்ல ஒண்ணு, ரெண்டு, அஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன?"

"அது ஒண்ணுமில்ல. சும்மா கிறுக்கினது."

பச்சைப் பொய். ஒவ்வொரு படகும் எத்தனை நாள் கடலில் இருந்துவிட்டு வந்தது என்பதன் எண்ணிக்கை அது. எதற்கு உதவும் என்று தெரியாமலே எழுதி வைத்திருந்தேன். ஆனாலும் அதையும் அவளுக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

மாநாட்டின் மூன்றாம் நாள் காலை எங்கள் தீர்மானம் விவாதத்துக்கு வந்தது. கொம்புத் திருக்கை வியாபாரத்துக்கு உலகம் முழுக்கக் கட்டுப்பாடு வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் நிறைவேறும். இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடும் பிராணி அது, இந்தத் தடவை விட்டால் அடுத்த மாநாட்டில் பேசுவதற்கு மிச்சம் இருக்காது. எதிர்த்தரப்பு நாட்டுக்காரர் ஒருவர் சாவகாசமாக எழுந்து எங்கள் வரைபடத்திலிருந்த படகுக் கணக்கையே தூக்கிக் காட்டினார். அன்றும் படகுக்குப் பத்து மீன், இன்றும் படகுக்குப் பத்து மீன், இதில் எங்கே குறைந்திருக்கிறது என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. தலைவர் திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டி விரல்களை ஆட்டினார்.

எனக்குப் பேனா ஓடவில்லை. பதினைந்து வருஷம் எழுதின கை, ஒரு வரி வரவில்லை. அப்போது தோளில் ஒரு தட்டு.

"அக்கா, இதை சார்கிட்ட குடுங்க. சீக்கிரம்."

நாலாக மடித்த சீட்டு. மேல்மடிப்பை மடியில் வைத்துப் பிரித்தேன். 'ஓரத்து எண் = கடலில் இருந்த நாள். நாளால் வகுத்தால், அன்று பத்து, இன்று இரண்டு.' அவ்வளவுதான். முன்பு ஒரே நாளில் கிடைத்த பத்துக்கு இப்போது ஐந்து நாள் அலைகிறார்கள். என் மூக்குக்குக் கீழேயே கிடந்திருக்கிறது, பாவி எனக்குத் தோன்றவில்லை. வயிறு எரிந்தது. மீனுக்காக இல்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரியாக உட்கார்ந்திருந்தேன். கொடுக்காமல் விட்டால் திருக்கை போய்விடும். கொடுத்தால் சாயங்காலம் மாமியார் மறுபடியும் டிவி போடுவார். என் நோட்டு, என் பென்சில், என் எண் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கீழ்மடிப்பைப் பிரிக்கக்கூடப் பொறுமையில்லை. அந்த இரண்டு வரியையும், அவள் கண்ணில் படாமல் முதுகால் மறைத்து, வேறொரு சீட்டில் என் கையெழுத்தில் எழுதி முன்னே நீட்டினேன். அவளுடையதைக் கைக்குள் கசக்கி வைத்துக்கொண்டேன்.

தலைவர் கணீரென்று வாசித்தார். சிரிப்பு அடங்கியது. ஓட்டெடுப்பில் திரை முழுக்கப் பச்சை. அவர் திரும்பி, "பிரமாதம்மா!" என்றார், என்னைப் பார்த்து. நாலு மாநாட்டில் முதல் தடவை. குளிர்ந்துதான் போனேன், மறைப்பானேன்.

இடைவேளையில் ஓரகத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சிட்டோம்க்கா!" கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு சட்டென்று முகம் மாறியது. "ஆனா அந்த மனுஷனுக்கு இருக்கற திமிரப் பாருங்களேன்."

"யாருக்கு?"

"சாருக்குத்தான். சீட்டுல கீழ எழுதியிருந்தேனே, 'இது அக்கா பதினஞ்சு வருஷமா எழுதின எண், மைக்கை அவங்ககிட்ட குடுங்க, அவங்க பேசினாதான் எடுபடும்'னு. படிச்சிட்டு அவரே பேசிக்கிட்டாரு."

கசக்கிய சீட்டைக் கைக்குள் இன்னும் இறுக்கினேன். "அந்த எண்... உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கிளம்பறதுக்கு முந்தின நாள்தான் துறைமுகத்துல போய்க் கேட்டேன். நாத்தம் குடலைப் புரட்டிடுச்சு. ஆனா நீங்க சும்மா கிறுக்கற ஆளா?" என்றாள். "இருங்க, அவரை ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"வேணாம்மா. விடு."

"விட்டு விட்டுத்தான் நீங்க பின்னாலயே உக்காந்திருக்கீங்க."

போய்விட்டாள். ஜன்னலோரம் தலைவர் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து நான் எழுதிய சீட்டை எடுத்துப் பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். என் கைக்குள் அவள் எழுதியது வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. ஓரகத்தி விறுவிறுவென்று வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர, "இங்க பாரும்மா" என்று அந்தச் சீட்டை அவளிடம் நீட்டினார்.