பெரியம்மா தைத்த கையுறை

கப்பல் ஏறும் கூடத்தில், திரைச்சீலை தைக்கும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் பயணமல்லவா! தங்கை குடும்பத்தோடுதான் ஒரே வீட்டில் இருக்கிறாள். தங்கையின் ஐந்து வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அக்காவுக்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

அந்தப் பொடிசுக்குத்தான் இரண்டு வாரம் முன்பு அம்மை போட்டது. பெற்றவள் வாசற்படியில் நின்று, "ஐயோ பாவம்" என்றதோடு சரி. பெரியம்மாதான் மடியில் போட்டுக்கொண்டாள். சொறிந்துவிடாதிருக்க, மெல்லிய துணியில் கையுறை தைத்து மாட்டினாள். கொப்புளம் காய்ந்ததும் சான்றிதழ் வாங்கப் போனவளும் அவளே.

"ராப்பகலா நான்தான் பார்த்துக்கிட்டேன், டாக்டர். எனக்கு அம்மையே வந்ததில்ல, ஆனாலும் பயப்படலயே!" என்று பெருமை அடித்துக்கொண்டாள். டாக்டர் அதையும் சான்றிதழில் ஒரு வரியாக எழுதிவிட்டார்.

இப்போது கூடத்து மேஜைக்குப் பின்னாலிருந்த நர்ஸின் விரல் அந்த வரியில் நின்றது.

"குழந்தைக்கு ஆறிடுச்சு, ஏறலாம். பார்த்துக்கிட்டவங்களுக்கு அம்மை வந்ததில்லைன்னா இனிமே வரலாம், இருபத்தொரு நாள் ஏறக் கூடாது. அவங்க உங்க வீட்டுலயே இருக்கறவங்களா? ஒரே வீடுன்னா நாலு பேரும் நிக்கணும், அதான் கப்பல் விதி."

அக்கா வாயெடுப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "இல்லீங்க, வேலைக்கு வர்றவங்க. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க."

"ஆமாமா," என்றார் தங்கை புருஷன், கூரையைப் பார்த்தபடி.

"பெரியம்மா, வா!" குழந்தை சேலையைப் பிடித்து இழுத்தது.

நர்ஸ் நிமிர்ந்தாள். தங்கை சிரித்தாள். "மரியாதை சொல்லிக் குடுத்து வளர்த்திருக்கோம்."

நர்ஸ் அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா."

அக்கா குழந்தையைப் பார்த்தாள். கப்பலில் நீச்சல் குளம் உண்டென்று ஒரு வாரமாக அவளிடம்தான் பிதற்றிக்கொண்டிருந்தது.

"வேலைக்காரிதாங்க," என்றாள்.

முத்திரை மூன்று தாளில் விழுந்தது. தங்கை சாவியை நீட்டினாள், நர்ஸுக்குக் கேட்கும்படி. "இந்தாம்மா. போர்வையெல்லாம் ஊறுது, அலசிப் போட்டுடு. சம்பளம் வந்து தர்றேன்."

குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பிறகு ஜன்னலில் கப்பல் தெரிந்ததும் ஓடிவிட்டது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்தே கழுத்தில் நமநமவென்றிருந்தது. தடவினாள், விரலில் ஒரு கொப்புளம் தட்டுப்பட்டது. பையைத் துழாவிக் குழந்தையின் கையுறையை எடுத்தாள்.

அவள் விரல் இரண்டுக்குமேல் அதில் நுழையவில்லை.